உப்புப் போட்ட ஐஸ்

சென்னையில், அதுவும் சித்திரை வெயிலில், கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு எழுதும் ஆள் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று நரம்புகளைக் குளிருக்குப் பயப்பட வைத்துவிடுகிறது. மருந்து ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் கரண்ட் அடித்ததுபோல் இருக்கும். எவர்சில்வர் டம்ளர்கூடச் சில நேரம் சுரீர் என்கிறது. அதனால் என் மனைவி கஸ்தூரி எங்கிருந்தோ இந்தக் கையுறையை வாங்கி வந்தாள். நான் பேனா பிடிப்பதற்காக வலது கையில் இரண்டு விரல் நுனிகளை வெட்டித் தைத்தும் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த மருந்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. வாந்தி நின்றிருக்கிறது. இந்த இடைவெளியில் எழுதிவிட வேண்டும். "எழுதுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று டாக்டர் சொன்னார். நாலு பேருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மலத்தில் ரத்தம் போனால் அது மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். என் உபதேசம் இதோடு முடிந்தது. மீதி எல்லாம் வயிற்றெரிச்சல்.

எனக்கு வேலை ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கிக் கொடுப்போம். காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் யார்டு என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக்கில் அலைந்துகொண்டிருப்பேன். ரத்தம் வந்தபோது ஆபீஸில் எல்லோரும் பைக் சூடு என்றார்கள். கஸ்தூரி துத்திக்கீரை ஆய்ந்து கொடுத்தாள். சாப்பிட்டேன். பேண்ட் லூசானபோது தொப்பை குறைகிறது என்று கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷப்பட்டேன். அந்த மடையனை நினைத்தால் இன்றும் அறையத் தோன்றுகிறது.

கடைசியில் ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முதல் நாள் குடலைக் காலி செய்ய ஒரு மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். குடித்தவர்களுக்குத் தெரியும், குடிக்காதவர்களுக்கு விளக்கி எழுத எனக்கு மனசில்லை. திரையில் என் குடல் ஈரமாக, இளஞ்சிவப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வளைவில் புடைத்த சதை ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கேமராவைப் பிடித்திருந்தவர் அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். அங்கே பேச்சை நிறுத்தினார். சதையில் கிள்ளி எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. ஸ்கேனில் ஈரலிலும் புள்ளிகள் இருந்தன.

புற்றுநோய்ப் பிரிவின் வராந்தா ஒரு தனி உலகம். அங்கே யாரும் பெயரைக் கேட்பதில்லை. "உங்களுக்கு எங்க?" என்றுதான் கேட்பார்கள், சொந்த ஊரைக் கேட்பதுபோல. மார்பு, தொண்டை, கருப்பை என்று பதில் வரும். எனக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர் போகும் வழியில் டோல்கேட் பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பெயர் நேசமணி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். நான் "குடல்" என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஊருதாம் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி. பையிலிருந்து கருப்பட்டி மிட்டாய் எடுத்து நீட்டுவார். வாங்கினால்தான் விடுவார். எனக்குப் பசியே இல்லாத நாட்களில்கூட அவருக்காக ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டிருப்பேன்.

எங்கள் டாக்டர் ஒரு பெண். வயதில் என்னைவிடச் சின்னவர். கெட்ட செய்தி சொல்லும்போது கம்ப்யூட்டரைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்ப்பவர். இம்யூனோதெரபி என்று ஒன்று இருக்கிறதாமே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வைத்தே புற்றுநோயைக் கொல்கிறார்களாமே என்று கேட்டேன். ஆபீஸில் ஒருவர் செல்போனில் பார்த்துச் சொன்னது. டாக்டர் என் கட்டியில் அதற்கான பரிசோதனையை ஏற்கெனவே செய்திருந்தார். சிலருடைய கட்டியில், மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்துகிற ஏற்பாடே கெட்டுப்போயிருக்குமாம். அதனால் அந்தக் கட்டியில் பிழைகள் மண்டிக் கிடக்கும். உடம்பின் காவல் அணுக்களுக்கு இது திருட்டுச் சரக்கு என்று சுலபமாகத் தெரிந்துவிடும். அவர்களுக்கு இப்போது புழக்கத்தில் இருக்கிற மருந்தே வேலை செய்யும். என் கட்டியில் திருத்தும் ஏற்பாடு ஒழுங்காக இருந்தது.

"ஒழுங்கா இருக்கிறது கெட்ட சேதியா டாக்டர்?"

"உங்க விஷயத்துல ஆமா. பெரும்பாலான பேருக்கு இப்படித்தான் இருக்கு."

கஸ்தூரி அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, டாக்டர் அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னார். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில், என் மாதிரி ஆட்களின் கட்டியில் ஆன்டிஜென் தேடுகிறார்களாம். கிடைத்தால் அதை வைத்து அந்த ஆளுக்கென்றே ஒரு மருந்து தயாரித்துப் போட்டுப் பார்க்கும் சோதனையில் சேர்த்துக்கொள்வார்களாம். உறுதி எதுவும் கிடையாது.

ஆன்டிஜென் என்றால் என்ன என்பதை அந்த ஆய்வு நிலையத்துப் பெண் ஷர்மிளா வந்து பொறுமையாக விளக்கினாள். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளே இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, கொஞ்சத்தை வெளியே மாட்டி வைக்குமாம். காவல் அணுக்கள் ரோந்து வரும்போது அதைத் தடவிப் பார்க்கும். நம்முடைய துண்டு என்றால் விட்டுவிடும். அந்நியத் துண்டு என்றால் செல்லைக் கொன்றுவிடும். அந்தத் துண்டுக்குத்தான் ஆன்டிஜென் என்று பெயர். புற்றுநோய் செல்லிலும் மாறிப்போன புரதங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் அது வெளியே மாட்டுவதில்லை.

எங்கள் யார்டில் கன்டெய்னரைத் திறந்து, உள்ளே இருக்கும் சரக்கில் கொஞ்சம் எடுத்துக் கஸ்டம்ஸிடம் காட்டுவோம். அதைச் சொன்னேன். "அதேதான் சார். ஆனா இந்தத் திருடன் நல்ல சரக்கா பொறுக்கிக் காட்டுவான்" என்றாள். சிரித்தோம். அந்த ஆஸ்பத்திரியில் நான் மனசாரச் சிரித்தது அன்றுதான்.

அவர்கள் செய்ய வேண்டியது இரண்டு வேலை. முதலில் கட்டியின் மரபணுவையும் என் ரத்தத்தின் மரபணுவையும் படித்து, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பார்ப்பது. அதில் சந்தேகப்படும்படியான துண்டுகள் நிறைய வரும். அவற்றில் எதை என் கட்டி உண்மையிலேயே வெளியே காட்டுகிறது, எதை என் காவல் அணுக்கள் அடையாளம் கண்டு பாய்கின்றன என்று பார்ப்பது இரண்டாவது வேலை. அதற்குக் கட்டியின் செல்கள் உயிரோடு வேண்டும். என் குடல் எந்த நேரமும் முழுதாக அடைத்துக்கொள்ளும் நிலையில் இருந்ததால் எப்படியும் அறுத்து எடுக்கத்தான் போகிறார்கள். எடுத்த உடனே ஒரு துண்டை, செல்லைக் கொன்று பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாமல், செல்லுக்கு உணவாகும் ஒரு ரோஸ் நிறத் திரவத்தில் போட்டு, ஐஸில் வைத்து ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என் பிழைப்பு அந்தப் பாட்டிலில் இருந்தது.

ஐஸ் என்றதும் எங்கள் வீட்டில் ஒருவன் எழுந்து நின்றான். ஏழுமலை, கஸ்தூரியின் தம்பி. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் பதினைந்து வயதிலிருந்து இருக்கிறான். கடலுக்குப் போகும் போட்டுகளுக்கு அவன் ஏற்றும் ஐஸ் கரை திரும்பும்வரை நிற்கும் என்று ஒரு பெயர் உண்டு. ஆஸ்பத்திரியின் ஐஸ் மெஷின் ரிப்பேராகிக் கிடந்தது. யாருக்கு ஐஸ் வேண்டுமென்றாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். "ஐஸு என் டிபார்ட்மென்ட்டு மாமா. நீ ஒண்ணியும் பேஜாரு ஆவாத" என்றான்.

அறுவை சிகிச்சை அன்று விடியும்போதே மழை கொட்டியது. வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிறைந்து, ஷர்மிளா வந்த வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. அவள் போனில் ஏழுமலையிடம் சொன்னாள்: "நீங்களே ஐஸ்ல வெச்சுக் கொண்டு வந்துடுங்க அண்ணே. எவ்வளவு நேரமானாலும் சூடாகாம பாத்துக்கோங்க." வழக்கமாக அவளே எடுத்துப்போவதால் அதற்கு மேல் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவள் முதல் நாளே ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருந்த பாட்டிலில் என் சதைத் துண்டு வந்ததும், ஏழுமலை அதைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கம்பெனியின் குட்டியானை வண்டியில் ஏறினான். முழங்கால் தண்ணீரில் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதாம்.

நான் மயக்கம் தெளிந்து வயிற்றில் தையலோடும், இடது பக்கம் மலத்துக்கென்று ஒட்டிய பையோடும் கிடந்தேன். அந்தப் பையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கஸ்தூரி முகம் சுளிக்காமல் அதைக் கழற்றி மாற்றுகிறாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஏழுமலை நனைந்த சட்டையோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். முகமெல்லாம் பல்.

"மாமா, சும்மா கல்லு மாறி ஆக்கிக் குடுத்துட்டு வந்துக்கீறேன். அங்க ஒரு ஆளு தொறந்து பாத்துட்டு மெர்சலாயிட்டான். கொஞ்சங்கூட குளுரு எறங்கல."

"எப்டிடா? இவ்ளோ நேரம் ஆச்சே."

"ஐஸை நல்லா பொடியா ஒடைச்சி, கல்லுப்பு அள்ளிப் போட்டுட்டேன். வெறும் ஐஸு இன்னா குளுரு மாமா? கம்பெனில தொட்டித் தண்ணில உப்பு போடலன்னா ஐஸு கட்டியே புடிக்காது. உப்பு போட்டாத்தான் குளுரு ஏறும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி ஒரு மச்சான் யாருக்கும் வாய்க்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்றும் பொய் இல்லை.

காத்திருந்த நாட்களில் நான் ஒரு முட்டாள்போல நம்பிக்கொண்டிருந்தேன். பையோடு நடக்கப் பழகினேன். கஸ்தூரி அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று பேசினாள். செலவைப் பற்றி மட்டும் பேச்சை எடுத்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஷர்மிளா ஒருநாள் வந்து, நான் மட்டும் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கட்டியின் மரபணுவைப் படித்துவிட்டார்கள். சந்தேகத் துண்டுகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆனால் எது நிஜமாக வெளியே தெரிகிறது என்று பார்க்கச் செல்கள் இல்லை. எல்லாமே செத்துப்போயிருந்தன. பாட்டில் முழுக்க உறைந்து ரோஸ் நிறக் குச்சி ஐஸ்போல வந்து சேர்ந்ததாம். மெதுவாக உறையும்போது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டி, செல்லைக் குத்திக் கிழித்துவிடும் என்றாள். சும்மா உருகுகிற ஐஸில் வைத்திருந்தால் குளிர்ச்சியாக இருக்குமே தவிர உறையாது. "உறையக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும் சார்" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

பிறகு கேட்டாள்: "ஐஸ்ல வேற ஏதாவது கலந்திருந்தாங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அப்படி வந்துவிட்டது. உப்பு என்று நான் சொல்லியிருந்தால் அது கஸ்தூரியின் காதுக்குப் போயிருக்கும், அங்கிருந்து ஏழுமலைக்குப் போயிருக்கும். கஸ்தூரியிடமும் அவனிடமும் செல்கள் போதவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். ஈரலில் ஊசி விட்டு இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறங்கும்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். வெளியே விடலாம் என்று அவர்கள் சொல்லும்வரை உலகத்தில் வேறு ஒன்றும் இருக்காது. அதில் கிடைத்தது அரிசி நுனி அளவு சதை, அதிலும் பாதிக்கு மேல் செத்த சதை. ஈரல் இப்போது இருக்கும் நிலையில் மறுபடி அறுக்கவோ குத்தவோ முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இனி கீமோ மட்டும்தான். அது கட்டிகளைக் கொஞ்ச காலம் கட்டிப்போடும், அவ்வளவுதான்.

பயம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு: பயத்தை நான் தாங்கிக்கொண்டேன். வெறுப்பைத்தான் தாங்க முடியவில்லை. கீமோ ஏறும் நாட்களில் ஏழுமலை வேலையை விட்டுவிட்டு வந்து என் கால்மாட்டில் குந்திக்கொள்வான். அவன் கை எப்போதும் ஐஸ் கம்பெனிக் குளிரோடு இருக்கும். எனக்குக் குளிர் ஆகாது என்று நர்ஸ் சொன்னதிலிருந்து, டீ வாங்கி அந்தக் கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் உருட்டி, சூடேற்றிக்கொண்டுதான் என் காலைப் பிடித்துவிடுவான். டீ ஆறிப்போயிருக்கும். அதைக் குடிக்கவும் மாட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு அவனை வெறுத்தபடி படுத்திருப்பேன். யாரடா உன்னை உப்புப் போடச் சொன்னது என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டே இருக்கும். அவன் வார்டு முழுக்க, "மாமாவுக்கு நான்தான் எத்துகினு போனேன். மழைல கூட குளுரு எறங்கல தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

இந்த நிலையில்தான் அண்ணாச்சிக்கு அறுவை சிகிச்சை முடிவானது. அவரும் ஆய்வில் சேர்ந்திருந்தார். அவருக்கு இது இரண்டாவது அறுவை. முதலில் வேறு இடத்தில் எடுத்ததை ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். அதனால் அவருக்கும் இது ஒரே வாய்ப்பு. போன வாரம் எனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஷர்மிளா பிள்ளையே பாட்டிலோட வருதாம் தம்பி. ஐஸு மட்டும் நாம குடுக்கணுமாம்லா. பயலுவ ரெண்டு பேரும் கடையில கெடக்கானுவ. ஐஸுக்கு எங்க போறதுன்னுதான் ரோசனையா இருக்கு."

என் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்தான்.

"இன்னா அண்ணாச்சி, நான் இங்க குந்திக்கினு கீறேன், எங்க போறதுன்னு கேக்குற? ஐஸு நம்ம டிபார்ட்மென்ட்டு. மாமாவுக்குப் போட்டத விட டபுளா உப்பு போட்டு எத்தாறேன். கல்லு மாறி நிக்கும் பாரு."

"நல்லாருப்ப ராசா" என்றார் அண்ணாச்சி.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் எழுத வெட்கப்படும் ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எனக்கு இல்லாமல் போனது அண்ணாச்சிக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாயை எடுத்து, உறையைப் பிரித்து, என் ஊசி போட்ட கைக்கு வேலை வைக்காமல் அவரே என் வாயில் வைத்தார்.

"ஏழுமல" என்றேன். "உப்பு போடாதே."

"இன்னா மாமா?"

"உப்பு வாணாம். வெறும் ஐஸு போதும். கொஞ்சம் தண்ணியும் ஊத்து."

அவன் சிரித்தான். "தண்ணி ஊத்துனா உருகிடும் மாமா."

"உருகட்டும். ஜில்லுன்னு இருந்தா போதும். பாட்டிலு உறையக் கூடாது. உறைஞ்சா உள்ள உயிர் இருக்காது."

அவன் ஐஸ்காரன். மீன் கட்டியாக உறைந்துவிட்டுப் பிறகு இளகும்போது தண்ணீர் விட்டுச் சதை தொளதொளவென்று ஆவதைத் தினமும் பார்ப்பவன். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"அப்போ உன்து?"

நான் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

"மாமா, உன்து இன்னா ஆச்சி?"

"செல்லு பத்தலன்னாங்கடா. சொன்னேன்ல."

"டபாய்க்காத மாமா."

அண்ணாச்சி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழுமலை என் காலை மெதுவாகப் படுக்கையில் வைத்தான். போர்வையை இழுத்து விரல்வரை மூடினான். பிறகு எழுந்து போனான். ஆறிய டீ ஸ்டூலின் மேல் இருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கஸ்தூரி என்னை வீட்டில் விட்டுவிட்டுக் காசிமேட்டுக்குப் போனாள். திரும்பி வந்து எனக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஐஸ் ஒடைக்கிற மெஷினாண்ட நின்னுகினு கீறான்" என்றாள் பிறகு. "சோறு துன்னலியாம். என்னாண்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். என் மூஞ்சப் பாக்க மாட்றான்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் வாசற்படியில் நின்றாள். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்." உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, "சொல்லாம எப்படி இருக்கறது" என்று அவளே சொல்வதும் கேட்டது. அன்று முதல்முறையாக அவள் அழுதாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். தொட்டியும் அவள் கையும் ஈரமாகச் சில்லென்றிருந்ததால், தொடாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அண்ணாச்சியின் அறுவை அன்று, கஸ்தூரி வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், நான் ஆட்டோ பிடித்துப் போனேன். தியேட்டர் வாசலில் அண்ணாச்சியின் மகன்கள் இருவரும் நின்றிருந்தார்கள். ஷர்மிளா பாட்டிலோடு வந்துவிட்டாள். ஐஸ் வரவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. இனி வர மாட்டான், ஒரேயடியாகப் போய்விட்டான் என்று நினைத்தேன். கடலுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன், நல்லபடியாக இருந்தால் போதும் என்றும் நினைத்தேன்.

ஏழுமலை தெர்மாகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, முகச் சவரம் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பெஞ்சில் வைத்து ஷர்மிளாவிடம், "புது பொட்டிம்மா. பழசுல உப்பு ஒட்டிக்கினு இருக்கும்னு வாங்கிக்கினேன். தண்ணி கேன் வாட்டரு" என்றான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

மூடியைத் திறந்தான். பொடித்த ஐஸ் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தான். இன்னொரு மூலையில் விட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"நீ பாரு மாமா. எனக்கு எல்லாமே உப்பாத்தான் கீது."

எனக்கு மருந்து ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் குளிரைத் தொடக் கூடாது என்பதை, டீ கிளாஸில் கையைச் சுட வைத்துக்கொண்டு தொட்டவன், மறந்திருந்தான். நான் நினைவுபடுத்தவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு விரலை விட்டேன். முழங்கைவரை கரண்ட் ஏறியது. விரலை நாக்கில் வைத்ததும் தொண்டை இறுகி, மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. அது விடும்வரை காத்திருந்தேன்.

"உப்பில்லடா" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு வாட்டி பாரு மாமா."

மறுபடியும் விரலை விட்டேன்.